இரத்த வங்கியில் உழைப்போர்

இரத்த தானத்தின் பெருமையைப் பேசாத மேடை இன்று இல்லை. கொடுப்பவருக்குச் சான்றிதழும் பழரசமும் நாலு நல்ல வார்த்தையும் கிடைக்கின்றன. அது முறையே. ஆனால், கொடுத்ததைப் பெற்று, சோதித்து, காத்து, நோயாளிக்குச் சேர்ப்பிக்கும் ஊழியரை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நாமும் சென்ற கோடை வரை அப்படித்தான் இருந்தோம்.

மே மாதத்தில் கல்லூரிகள் மூடிவிடும். நம்மவரும் பிள்ளைகுட்டிகளுடன் ஊருக்கு ரயிலேறிவிடுவர். மும்பையில் இரத்தத்துக்குத் தட்டுப்பாடு நேரும் காலம் அது. ஆகவே, ஊருக்குச் செல்லாத அன்பர்கள் சிலர் சேர்ந்து ஞாயிறன்று ஒரு முகாம் நடத்தினோம். பகல் இரண்டு மணிக்கு முடிய வேண்டியது. நூறு என்ற எண்ணை எட்டிவிடும் ஆசையில் "இன்னும் பத்தே பேர்" என்று நான்கு மணி வரை நீட்டினோம். எடை குறைவென்று திருப்பப்பட்ட ஒருவருக்காக ஊழியரிடம் வாதாடவும் செய்தோம். 45 கிலோவுக்குக் குறைந்தவரிடம் இரத்தம் எடுக்கலாகாது என்பது விதி.

பந்தி முடிந்த பின்னரே, காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு வந்த சோதனைக்கூட ஊழியர் ஒருவர் இன்னும் உண்ணவில்லை என்பதைக் கண்டோம். விசாரித்தபோது அவர் குறையாகச் சொல்லவில்லை; கேட்டதற்கு விடை சொன்னார். ஒப்பந்த வேலை, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், ஞாயிறு உழைப்புக்கு மாற்று விடுமுறை உறுதியில்லை. முகாம் முடிந்தாலும் வேலை முடிவதில்லை. தட்டணுக்களைச் சில மணி நேரத்துக்குள் பிரித்தாக வேண்டும். பிரித்தாலும் அவை ஐந்து நாளே தாங்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமைச் சுமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, விலைக்கு இரத்தம் கொடுக்கும் வழக்கம் 1998 முதல் ஒழிந்தது. நாட்டுக்குப் பெரு நன்மை. அன்று முதல் முகாம்களை நம்பியிருக்கும் நிலை வளர்ந்தது; முகாம்களோ பெரும்பாலும் விடுமுறை நாட்களிலேயே நடக்கின்றன. ஊருக்கு ஓய்வு நாள் இவர்களுக்கு உழைப்பு நாள்.

நம் ரயில்வேயில், இடையறாத கவனம் கோரும் பணியைத் தனியே வகுத்து, அதற்குப் பணிநேரத்தையும் குறைத்திருக்கிறார்கள். களைத்த கண் தவறு செய்யும் என்பதே காரணம். இரத்த வகையைப் பார்த்துச் சீட்டு ஒட்டும் கண்ணும் அத்தகையதே. அங்கே ஓர் எழுத்து மாறினால் ஓர் உயிர் போகலாம். குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் குறிக்க ஏடு உண்டு. அதனருகே விழித்திருப்பவரின் களைப்பைக் குறிக்க ஏடு எங்கே?

ஊசி குத்திவிடும் ஆபத்தும் உண்டு. மஞ்சட்காமாலை 'பி' வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது. எச்.ஐ.வி. ஐயம் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள், தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். ஒப்பந்த ஊழியருக்கும் இவை தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

சம்பளத்தை உயர்த்த நம் சங்கத்தால் இயலாது. ஆனால், முகாமைக் குறித்த நேரத்தில் முடிக்க இயலும். மறுக்கப்பட்டவருக்காக வாதாடாதிருக்க இயலும். முதல் இலையை அவர்களுக்குப் போட இயலும். "வருவோருக்கு மாற்று விடுமுறை உண்டா?" என்று அழைப்புக் கடிதத்திலேயே வங்கியாரைக் கேட்கவும் இயலும். அடுத்த முகாமுக்கான கடிதத்தில் அந்த வரியை எழுதிவிட்டோம். விருந்தினரைப் பசியோடு அனுப்பாத குடும்பங்கள் நம்முடையவை. இரத்தம் பெற வந்தவர்களும் நம் விருந்தினரே.