மருந்து போட்ட பிறகும் ஏன் கழிச்சல்?

"லசோட்டா போட்டாச்சு அண்ணாச்சி, பெறவும் வெள்ளைக்கழிச்சல் வந்துட்டே?" அம்பாசமுத்திரம் பக்கம் பிராய்லர் கொட்டகை போட்டிருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான். டீயைக் குடியுங்கள் தம்பி, நிதானமாகச் சொல்கிறேன்.

லசோட்டா போன்ற தடுப்பு மருந்து கிருமியைக் கொல்வதில்லை. கிருமியைக் கோழிக்கு அடையாளம் காட்டுகிறது. எதிர்ப்புப் பொருளைச் சுரக்க வேண்டியது கோழியின் உடம்பு. அதற்கான வெள்ளணுக்கள் தேறுவது பின்துளைக்கு மேலே, அரைநெல்லிக்காய் அளவில் இருக்கும் ஃபேப்ரிஷியஸ் பையில். அந்தப் பை எதற்கு என்றே வெகுகாலம் தெரியாமல் இருந்தது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் குஞ்சுகளின் பையை அறுத்தெடுத்து வளர்த்தார். அவற்றை நண்பர் திமதி சாங் வகுப்பில் செய்துகாட்ட வாங்கிப் போய், சால்மோனெல்லா கிருமியை ஏற்றினார். எதிர்ப்புப் பொருள் உருவாகவில்லை. ஏன் என்று தேடி அவர்கள் 1956-ல் வெளியிட்ட கட்டுரைதான், மனித உடம்பின் எதிர்ப்பாற்றலைப் புரிந்துகொள்ளவும் வழி திறந்தது. கோழிக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.

கம்போரோ வைரஸ் நேராக அந்தப் பையைத்தான் தாக்கும். பை சிதைந்த குஞ்சுக்கு லசோட்டா கொடுத்தால் சரியாகப் பிடிக்காது; அடுத்து வரும் கழிச்சல் கொட்டகையையே காலி செய்துவிடும். கம்போரோவுக்குத் தடுப்பு மருந்து உண்டு, நாள்தான் சிக்கல். தாய்க்கோழி முட்டைக்கரு வழியே கொடுத்த எதிர்ப்புப் பொருள் குஞ்சிடம் இரண்டு மூன்று வாரம் வரை இருக்கும். முந்திப் போட்டால் அதுவே மருந்தை முறித்துவிடும். பிந்தினால் வைரஸ் முந்திக்கொள்ளும். அதனால்தான் பெரும்பாலும் 14-ஆம் நாளை ஒட்டிக் கொடுக்கிறார்கள்.

தண்ணீரில் கலக்கும்போது கவனம் வேண்டும். தாமிரபரணிக் கூட்டுக் குடிநீரில் குளோரின் இருக்கும். மருந்தில் உள்ள உயிருள்ள வைரஸ் அதில் செத்துப்போகும். குளோரின் இல்லாத நல்ல கிணற்றுத் தண்ணீர் எடுங்கள், லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்துகொள்ளுங்கள். விடிகாலையில் வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடியட்டும்.

வைரஸ் வராமலே பை சுருங்குவதும் உண்டு. சித்திரை வெயிலில் கோழி வாய் பிளந்து இரைக்கும்போது அழுத்த ஹார்மோன் ஏறுகிறது, பையும் தைமஸும் வற்றுகின்றன. ஈரம் பட்ட மக்காச்சோளத்தில் பூஞ்சை விடும் அஃப்லாடாக்சினும் இதையே செய்யும். இதில் கோழி உடனே சாகாது. எடை சற்றுக் குறையும், மருந்து பிடிக்காது, காரணமும் தெரியாது. ஐப்பசி மழையில் உமி நனைந்தால் கிளம்பும் அம்மோனியா வேறு, மூச்சுக்குழாயைப் புண்ணாக்கிக் கிருமிக்கு வழிவிடும்.

எதிர்ப்புச் சக்தி டானிக்குக்குப் போடும் பணத்தை நிழல்வலைக்கும் தண்ணீர் தெளிப்பானுக்கும் போடுங்கள் என்பேன். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. அடுத்த முறை கோழி செத்தால் உடனே ஐஸில் வைத்து ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். அறுத்துப் பார்க்கும்போது குடலோடு அந்தப் பையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.