முப்பதும் பத்தும் நாற்பது அல்ல

வருமான வரிக் கணக்கைச் சமர்ப்பிக்கவேண்டிய ஜூலை 31 நெருங்க நெருங்க, பக்கவாதத்தாலும் பார்க்கின்சன் வியாதியாலும் அவதிப்படுபவர்களிடமிருந்தும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாரிடமிருந்தும் வரும் கடிதங்கள் பெருகிவிட்டன; நரம்பியல் நிபுணர் வியாதியை ஐயமற ஊர்ஜிதம் செய்த பிறகும், சான்றிதழில் ஊனம் ஏன் வரிக் கழிவுக்கு வேண்டிய 40 சதவிகிதத்துக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது என்பதே அவற்றில் பெரும்பாலானவற்றின் சந்தேகம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, நீடித்த குறைபாடும் சூழலிலுள்ள தடைகளும் சேர்ந்தே ஒருவரைச் சமூக வாழ்விலிருந்து விலக்கிவைக்கின்றன என்று உதாரமாகப் பிரகடனம் செய்கிறது. ஆனால் சதவிகிதத்தை நிர்ணயம் செய்யும் வேளையில் அந்தத் தடைகள் மாயமாக மறைந்து, தேகம் ஒன்றே பரிசீலனைக்கு மிஞ்சுகிறது. படியேற இயலாதவர் எத்தனையாவது மாடியில் குடியிருக்கிறார் என்பதற்கு அங்கே மதிப்பெண் இல்லை.

இனி அந்தச் சதவிகிதத்தைக் கணக்கிடும் சூத்திரத்துக்கு வருவோம். இரண்டு குறைகள் உள்ளவருக்கு மத்திய சர்க்காரின் மதிப்பீட்டு விதிகள் இரண்டு எண்களையும் கூட்டிவிடுவதில்லை. பெரிய எண்ணை 90-இலிருந்து கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வந்த விடையைப் பெரிய எண்ணோடு சேர்க்கவேண்டும் என்கின்றன. பக்கவாதம் கண்ட ஒருவருக்கு வலது கைகாலுக்கு 30-உம், நாக்குழறலுக்கு 10-உம் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது 40 அல்ல, 36.67. முதல் குறை எடுத்துக்கொண்டது போக எஞ்சிய சக்தியிலிருந்துதான் இரண்டாவது குறை எதையும் பறிக்க முடியும் என்பது இதன் தத்துவம். 60-உம் 60-உம் சேர்ந்து 120 ஆகிவிடும் அபத்தத்தை இது சாமர்த்தியமாகத் தவிர்த்துவிடுகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும், பேச்சுக் குழறியவர் எழுதிக் காட்டுவார், கை விழுந்தவர் வாயால் சொல்லிக் காரியத்தை முடித்துக்கொள்வார். எழுதும் கையும் பேசும் நாவும் ஒருங்கே தளர்ந்தவருக்கோ ஒன்றுக்கு ஒன்று துணைநிற்கும் அந்த வழியே அடைபட்டுப்போகிறது. இழப்பு பன்மடங்காகும் அவ்விடத்திலேயே தள்ளுபடி செய்யும் கணக்கை நியாயமென்று ஒப்புக்கொள்ள என்னால் இயலவில்லை.

பார்க்கின்சன் நோயாளியின் நிலையோ இன்னும் விபரீதமானது: லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் ஓரளவு நடமாடுபவர் அதன் வீரியம் தணிந்ததும் உறைந்து நின்றுவிடக்கூடும் என்றிருக்க, பரிசோதனை அறையில் அவரை எந்த நேரத்தில் பார்க்கிறார்களோ அதைப் பொறுத்து அபிப்பிராயம் வேறுபடலாம்.

ஏனைய வினாக்களுக்குச் சுருக்கமாக:

கழிவு எவ்வளவு? வருமான வரிச் சட்டத்தின் 80யு பிரிவின்கீழ் 40 சதவிகிதத்திலிருந்து ரூ.75,000, 80 சதவிகிதமும் அதற்கு மேலும் இருந்தால் ரூ.1,25,000, 40-க்குக் கீழே சூன்யம்.

செலவு ரசீது வேண்டுமா? 80யு கழிவுக்கு வேண்டாம்.

வலிப்பு நோய்? மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 21 இனங்களில் அதன் பெயர் இல்லை.

சதவிகிதத்தை ஆட்சேபிக்கலாமா? அதே சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

புதிய வரிமுறையில் இக்கழிவு உண்டா? இல்லை. பழைய முறையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் கெடு தேதியோடு முடிந்துவிடுகிறது; ஆகவே சான்றிதழ் கையிலுள்ளவர்கள் இரண்டு முறைகளிலும் வரியைக் கணக்கிட்டுப் பார்த்து, பழையது அனுகூலமானால் கெடுவுக்குள்ளேயே அதைக் குறிப்பிட்டுத் தாக்கல் செய்துவிடுங்கள்.