பெரிய குடியிருப்பா, சிறிய குடியிருப்பா?

மைசூருக்குப் பென்ஷன்காரர்களின் சொர்க்கம் என்று நெடுங்காலமாக ஒரு பெயர் வழங்கி வருகிறது. காலை வேளையில் குக்கரஹள்ளி ஏரிக்கரைக்கு உலவச் சென்றால் அப்பெயர் பொய்யன்று என்பது விளங்கும். கம்பளிக் குல்லாயும் கைத்தடியுமாக எதிர்ப்படும் முதியவர்களில் நம்மவர்களும் பலர். ரயில்வேயிலும் ஆலைகளிலும் பணியேற்று இங்கு வந்தவர்கள். பிள்ளைகளைப் படிக்கவைத்துப் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டவர்கள். இவர்களிடையே அண்மைக் காலமாக ஒரு பேச்சு அடிபடுகிறது. கோயம்புத்தூர்ப் பக்கம் சென்று முதியோர் குடியிருப்பில் வீடு எடுத்துக்கொள்ளலாமா என்பதே அது.

அப்பேச்சு சென்ற ஆண்டு எங்கள் வீட்டிற்குள்ளும் நுழைந்தது. என் பெரியப்பா இங்குள்ள ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; வயது எழுபத்தொன்று. பெரியம்மாவுக்கு அறுபத்தெட்டு. அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. என்னை மெட்ரிகுலேஷன் வரை படிக்கவைத்தவர்கள் அவர்களே. ஆகையால் பிள்ளையின் கடமை என்மீது உள்ளது. ஆடி மாதத்தில் பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்கள். நான் இரவுப் பணியில் இருந்தேன். பெரியப்பாவுக்குக் காது சற்று மந்தம்; பெரியம்மா அழைத்த குரல் அவருக்கு எட்டவில்லை. முக்கால் மணி நேரம் ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறார்கள். அன்றோடு, “இருந்த இடத்திலேயே இருந்துவிடுவோம்” என்ற பேச்சு எங்கள் வீட்டில் நின்றுபோயிற்று.

கோயம்புத்தூர் இவ்வகைக் குடியிருப்புகளுக்குப் பெயர்பெற்ற ஊராகிவிட்டது. தட்பவெப்பம் இதமானது, மருத்துவமனைகள் நிறைய உள்ளன, நொய்யல் கரையும் மேற்கு மலைகளும் அருகில். இருபது, முப்பது வீடுகள் கொண்டவையும் உண்டு. நூற்றுக்கணக்கான வீடுகள் கொண்டவையும் உண்டு. போவதென்று முடிவு செய்தவர்களுக்கு அடுத்தபடியாக எழும் ஐயம் இதுதான்: பெரியதா, சிறியதா?

உலகில் இவ்விரு கட்சிகளும் பழையவையே. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் டெல் வெப் என்ற கட்டடத் தொழிலதிபர் 1960-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று சன் சிட்டி என்ற ஊரையே முதியோருக்காகத் திறந்தார். முதல் மூன்று நாட்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் பார்க்க வந்தனர் என்பர். இன்று அது முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் ஊர். அதே நாட்டில் மருத்துவர் பில் தாமஸ் என்பவர் இதற்கு நேர்மாறாக எண்ணினார். அவர் எண்ணப்படி 2003-இல் மிசிசிப்பி மாநிலத்து டூபலோ நகரில் எழுந்த இல்லங்களில் வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்குமேல் இல்லை. நடுவில் ஓர் அடுக்களை, எல்லோருக்கும் ஒரே சாப்பாட்டு மேசை. நமது நாட்டுச் சட்டமும் ஓர் எண்ணைச் சொல்கிறது. பெற்றோர், முதியோர் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, ஆதரவற்ற முதியோருக்கென மாவட்டந்தோறும் குறைந்தது 150 பேர் தங்கத்தக்க இல்லம் அமைப்பது பற்றிப் பேசுகிறது. அது வறியோருக்கானது; நாம் பேசுவது காசு கொடுத்துப் போகும் இடங்களை. எனினும் எந்த அளவில் கட்டினால் நடத்த இயலும் என்ற கேள்வி இரண்டுக்கும் பொதுவானது.

நான் எழுத்தர். எனக்குக் கைவந்தது பணிமுறைப் பட்டியல் போடுவது. ஆகவே இக்கேள்வியை அந்த வழியிலேயே பார்த்தேன். இரவும் பகலும் ஒரு நர்ஸ் இருப்பார் என்று விளம்பரம் சொல்கிறது. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரத்தில் 48 மணி வேலை செய்தால் அந்த ஒரு நாற்காலிக்கு மூன்றரை ஆள் வேண்டும். அரை ஆள் கிடைக்கமாட்டார், ஆகவே நால்வர். நம் ஸ்டேஷன்களில் வார ஓய்வுக்கு மாற்றாள் போடுவதும் இந்தக் கணக்கினால்தான். தலைக்கு இருபதாயிரம் ரூபாய் சம்பளம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் மாதம் எண்பதாயிரம். இருபத்துநான்கு வீடுகள் இருந்தால் வீட்டுக்கு 3,333 ரூபாய் விழும். முந்நூறு வீடுகள் இருந்தால் 267 ரூபாய்தான். காவலாளிக்கும், மின்னாக்கி இயந்திரத்துக்கும், ஆம்புலன்ஸ் வண்டிக்கும் இதே கணக்கே. சிறிய இடத்தில் ஆறு வீடுகள் காலியாகிவிட்டால், எஞ்சிய பதினெட்டு வீடுகளுக்கும் 3,333 என்பது 4,444 ஆக ஏறும். அல்லது நான்கு நர்ஸ் இருவர் ஆவார்கள். இரண்டாவதுதான் பெரும்பாலும் நடக்கக்கூடியது. விளம்பரத்தில் மட்டும் நால்வர் இருப்பார்கள்.

இக்கணக்கைக் காட்டியதும் பெரியப்பா, “பார்த்தாயா, பெரியதுதான் சரி!” என்று மேசையைத் தட்டினார். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என்னிடம் தனியாக, “ஏம்ப்பா, முந்நூறு வீட்டில் என் பேர் யாருக்குத் தெரியும்?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு என் பட்டியலில் விடை இல்லை.

ஆகவே இரண்டையும் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தோம். பல இடங்களில் விருந்தினர் அறை உண்டு; வாடகை கொடுத்துச் சில நாட்கள் தங்கிப் பார்க்கலாம். வாங்க எண்ணும் அன்பர்கள் இதைச் செய்யாமல் முன்பணம் கொடுக்கவேண்டாம் என்று மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலையில் காரில் போய்ப் பூந்தோட்டத்தைப் பார்த்துவிட்டு வருவது ஒன்றுக்கும் உதவாது. நாங்கள் இரண்டிலும் ஒவ்வொரு வாரம் தங்கினோம்.

முதலில் சிறியது. இருபத்துநான்கு வீடுகள். நாங்கள் போய் இறங்கிய அன்றே சமையற்கார அம்மாள் பெரியம்மாவிடம், “உங்களுக்குக் காரம் ஆகுமா? இராத்திரிக்குக் கஞ்சியா, இட்லியா?” என்று கேட்டார். பெரியம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இடுப்பு முறிந்த நாள் முதல் அவர்களை யாரும் என்ன வேண்டும் என்று கேட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஆனால் மூன்றாம் நாள்தான் சாப்பாட்டுக்கூடத்தின் மறுபக்கம் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டி விஷயமாக இரண்டு குடும்பங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அதனால் குடியிருப்பே இரு பக்கமாகப் பிரிந்து, ஒரு சாரார் ஏழரைக்கும் மறு சாரார் எட்டேகாலுக்கும் உண்ண வருகிறார்கள். புதிதாக வருபவர் எந்த வேளைக்கு உண்ண வருகிறார் என்பதை வைத்து அவர் எந்தக் கட்சி என்று முடிவு கட்டப்படுகிறது. ஐந்தாம் நாள் நிர்வாகிக்குக் காய்ச்சல் கண்டது. மருந்தறைச் சாவி அவருடைய வீட்டில் இருந்தது. ஒரு பெரியவருக்கு இன்சுலின் எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஒரே ஆளை நம்பி நடக்கும் இடம், அவ்வளவே.

பிறகு பெரியது. அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தது. குளியலறையில் கைப்பிடிகள், வழுக்காத தரை, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவுகள், கட்டிலருகே அழைப்புமணி. பெரியப்பா மணியை அழுத்திச் சோதித்தார். நான்கு நிமிடத்தில் நர்ஸ் வந்துவிட்டார். இருமுறை அழுத்தினார். மூன்றாம் முறை அழுத்தவிடாமல் நான் தடுத்தேன். நூலகத்தில் அவருக்குச் சதுரங்கம் ஆட மூவர் கிடைத்தனர். பெரியம்மாவோ மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. சாப்பாட்டுக்கூடத்தில் ஒவ்வொரு வேளையும் புதுமுகம். சேவகர்கள் அவர்களை “இருநூற்றுப் பன்னிரண்டு” என்று அறை எண்ணால் குறித்தார்கள். நான்காம் நாள் விடியலில் வாசலில் சிறு கோலம் ஒன்று போட்டார்கள். குனிய முடியாது, நாற்காலியில் அமர்ந்தபடியே போட்டது. அதே நடையில் நான்கு கதவு தள்ளியிருந்த தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மாள் ஒருவர் நின்று பார்த்து, “எத்தனை புள்ளி?” என்று கேட்டார். அன்று பிற்பகல் அந்த நடையைச் சேர்ந்த ஐந்து பெண்கள் எங்கள் அறையில் இருந்தார்கள். எனக்கு உட்கார இடமில்லை.

பன்னிரண்டு கதவுகள் கொண்ட நடை அது. டூபலோவில் அந்த மருத்துவர் கட்டிய வீடு ஒன்றின் அளவு. பெரிய இடத்துக்குள்ளேயே ஒரு சிறிய இடம் இருக்கக்கூடும் என்பது எனக்கு அப்போதுதான் தோன்றியது. ஆனால் அது தானாக எல்லா நடையிலும் அமைவதில்லை. மேல்மாடி நடையில் பாதிக் கதவுகள் பூட்டிக் கிடந்தன. முதலீட்டுக்காக வாங்கிப் போட்டவர்களின் வீடுகளாம். ஆகவே மொத்தம் எத்தனை வீடுகள் என்பதைவிட, நமக்குத் தரும் நடையில் எத்தனை கதவுகள் திறந்திருக்கின்றன என்று கேட்பது பயனுள்ளது.

பத்திரங்களைப் பற்றியும் சில சொற்கள். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் முதியோர் குடியிருப்புகளுக்கு மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கட்டியவர், வாங்குபவர், சேவை நடத்துபவர் ஆகிய மூவரும் சேர்ந்து கையெழுத்திடும் ஒப்பந்தம் வேண்டும் என்பது அதில் ஒன்று. மாதிரி நெறிகள் சட்டமாகா. கேட்டுப் பெறவேண்டியது நம் பொறுப்பு. வீட்டை விலைக்கு வாங்குகிறோமா, ஆயுட்கால வாடகையா, வைப்புத் தொகையா என்பதையும், ஒருவர் காலமானபின் தொகை எத்தனை மாதத்தில் யாரிடம் திரும்பும் என்பதையும் எழுத்தில் பெறுக. படுத்த படுக்கையாகிவிட்டால் வைத்துக்கொள்வார்களா என்பதைக் கேட்கப் பலர் கூசுகிறார்கள். நான் கேட்டேன். பெரிய இடத்தில் தனிப் பிரிவு இருக்கிறது என்று கட்டணத்தோடு காட்டினார்கள். சிறிய இடத்தில், “அதையெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம் சார்” என்றார்கள்.

மாதக் கட்டணம் ஆண்டுதோறும் ஏறும். பெரியப்பாவின் பென்ஷனில் அகவிலைப்படியும் ஏறிக்கொண்டு வரும், சமாளித்துவிடுவார். 2004 ஜனவரிக்குப் பின் பணியில் சேர்ந்த என்னைப் போன்றவர்கள் புதிய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறோம். 2025 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த திட்டம் என்று வேறொன்றும் வந்துள்ளது. என் காலத்துக் கணக்கை இப்போதே போட்டுப் பார்த்தேன். அதை இங்கே எழுதி அன்பர்களின் உறக்கத்தைக் கெடுக்க விரும்பவில்லை.

எனக்கிருந்த பெரிய கவலை தூரம். மைசூரிலிருந்து நமது தண்டவாளம் சாமராஜநகரோடு முடிந்துவிடுகிறது. சத்தியமங்கலம் காட்டைத் தாண்டி அதை நீட்டும் பேச்சு பேச்சாகவே இருக்கிறது. ரயிலில் போவதானால் பெங்களூரு, சேலம், ஈரோடு என்று சுற்றவேண்டும். சாலை வழி குறுக்குத்தான்; ஆனால் திம்பத்தின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில் 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு. நள்ளிரவில் அங்கிருந்து தொலைபேசி மணி அடித்தால் நான் விடியும்வரை இங்கேயே உட்கார்ந்திருக்கவேண்டும். இதைச் சொன்னபோது பெரியம்மா, “ஆடி மாசம் அடுத்த தெருவில்தானே இருந்தாய்?” என்றார்கள். குறையாகச் சொல்லவில்லை. இருந்தாலும் எனக்குத் தைத்தது.

முடிவாகப் பெரிய இடத்தில், அதே நடையில் காலியாயிருந்த ஒரு வீட்டைப் பதினொரு மாத வாடகைக்கு எடுத்திருக்கிறோம். விலைக்கு வாங்கவில்லை. அசோகபுரத்து வீடும் பூட்டியபடி இருக்கும். பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம். பெரியப்பா நூலகத்துக்குக் கொடுக்கப் பழைய வார இதழ்களைக் கட்டிவைத்துவிட்டார். தை பிறந்ததும் பயணம். பெரியம்மா தம் அம்மிக்கல்லை எடுத்துவரலாமா, அரைக்கும் ஓசை அடுத்த வீட்டாருக்கு இடைஞ்சலாகுமா என்று நிர்வாகியைக் கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.