குடியை நாடாத சுண்டெலிகள்

நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாப் பெண்கள் தொடங்கிய கிளர்ச்சியால் 1993-ல் ஆந்திராவில் சாராயம் தடை செய்யப்பட்டது. சாந்திபுரம் முதல் திருப்பதி வரை கடைகளுக்குப் பூட்டு விழுந்தது. மூளைக்குள் இருக்கும் ஆசைக்கு யார் பூட்டுப் போடுவது?

மது உள்ளே போனதும் உடம்பு, அபினைப் போன்ற எண்டார்பினைச் சுரக்கிறது. அது நரம்பணுவிலுள்ள 'மியூ' ஏற்பியில் ஒட்டினால், டோபமினை அடக்கி வைக்கும் காவல் அணுக்கள் ஓய்ந்துவிடுகின்றன. டோபமின் பெருகி, 'இன்னும் ஊற்று' என்கிறது. இந்த ஏற்பி இல்லாமல் பிறக்கச் செய்த சுண்டெலிகள் மதுவை நாடவில்லை என்று அமெரிக்க விஞ்ஞானிகள் 2000-ல் அறிவித்தனர்.

நால்ட்ரெக்ஸோன் மாத்திரை இந்த ஏற்பியைத்தான் அடைக்கிறது. இந்தியாவிலும் டாக்டர் சீட்டில் கிடைக்கிறது, எல்லாருக்கும் பலிப்பதில்லை. ஈரல் மிகவும் கெட்டவருக்கும், அபின் வகை வலி மருந்து சாப்பிடுபவருக்கும் ஆகாது. கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலப்பது ஆபத்து.