உறைக்கட்டடமும் 59 கணக்குகளும்

புதுக்கோட்டைச் சீமையின் கண்மாய்ப் பாசனத்தில், மழையைக் குறைத்து எண்ணுவது விதைப்பவருக்கு முன்னெச்சரிக்கை என்றால், அதே மழையைக் கூட்டி எண்ணுவதுதான் கரையைக் காப்பவருக்கு முன்னெச்சரிக்கை. கூடங்குளம் போன்ற அழுத்தநீர் அணுவுலைகளைச் சூழ்ந்து நிற்கும் கன்டெயின்மென்ட், அதாவது உறைக்கட்டடம், பற்றிய பாதுகாப்புக் கணக்கிலும் இந்த முரண் உண்டு. குழாய் உடைந்து நீராவி பீறிடும் விபத்தில், சுவரின் வலிமையைச் சோதிப்பவர் உள்ளழுத்தத்தைக் கூட்டியே வைத்துப் பார்க்கிறார். உலைமையத்தின் குளிர்விப்பை ஆராய்பவருக்கோ அழுத்தம் குறைவதே பாதகம். மேலிருந்து தெளிக்கும் நீர் நீராவியைக் குளிர்வித்து அழுத்தத்தைத் தணிக்கும். ஆனால் நீராவி குறைந்ததும், அதுவரை அடங்கியிருந்த ஹைட்ரஜன் தீப்பற்றும் நிலையை எட்டக்கூடும். எல்லாவற்றையும் மோசமாகவே வைத்துக்கொள்ளும் பழைய முறை இங்கேதான் தடுமாறுகிறது.

உள்ளதை உள்ளபடி கணித்து, ஐயத்தின் அளவையும் உடன் சொல்லும் முறையை, அவசரக் குளிர்விப்புக் கணக்குகளுக்கு அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் 1988இல் அனுமதித்தது. உடைப்பின் அளவு, சுவர் வெப்பத்தை ஏற்கும் வேகம் முதலியவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, கணினியில் அதே விபத்து மீண்டும் மீண்டும் நடத்திப் பார்க்கப்படுகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். இங்கே 59 சோறு வேண்டும். இந்த எண்ணுக்கு அடிப்படை, சாமுவேல் வில்க்ஸ் என்னும் அமெரிக்கப் புள்ளியியலாளர் 1941இல் வகுத்த விதியாகும். ஒரு கணக்கின் விடை 95 விழுக்காட்டு எல்லைக்குள் அடங்கும் வாய்ப்பு 0.95, 59 விடைகளும் அப்படியே அடங்கிவிடும் வாய்ப்போ, 0.95ஐ 59 முறை பெருக்க, 0.05க்குச் சற்றே கீழே இறங்குகிறது, 58இல் இறங்குவதில்லை. ஆகவே 59இல் மிகப் பெரிய விடை அந்த எல்லையைத் தாண்டியிருக்கும் என்று 95 விழுக்காடு நம்பிக்கையுடன் கூறலாம். ஐயத்துக்குரிய அளவுகள் ஐந்தாயினும் ஐம்பதாயினும் இந்த எண் மாறாது என்பதே விந்தை.

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற விடை, மக்கள் முன் வரும்போது ‘பாதுகாப்பானது’ என்னும் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடுவது வருந்தத்தக்கது. வயிற்றுக்கும் வயலுக்கும் மழையை நம்பியிருப்பவர்களுக்கு ஐயத்தோடு கணக்குப் போடத் தெரியாது என எண்ணுவானேன்?

பட்டியலில் இடம்பெறாத ஐயத்தை 59 கணக்குகளும் காண்பதில்லை. கர்நாடகத்தின் கைகாவில் 1994 மே 13 அன்று, உலை இயங்கத் தொடங்கும் முன்பே, கட்டுமானத்தில் இருந்த உறைக்கட்டடக் குவிமாடத்தின் அடிப்பகுதியிலிருந்து நூறு டன்னுக்கு மேற்பட்ட கான்கிரீட் படலமாகப் பெயர்ந்து விழுந்தது. வளைவில் இழுத்து முறுக்கிய முன்தகைவுக் கம்பிவடங்கள் கான்கிரீட்டைத் தடிமனின் குறுக்கே பிளக்க முயல, அந்தத் திசையில் தாங்குவதற்குப் போதிய கம்பி இருக்கவில்லை. மறுவடிவமைப்பில் அது சேர்க்கப்பட்டது. கைகாவின் முதல் அலகு வணிகமுறை மின்னுற்பத்திக்கு வந்தபோது ஆண்டு 2000.