பிக்கப் டிரக் தெளிப்பு உட்பூச்சு: தானே பூசுதலும் தொழில்முறைப் பூச்சும்

பிக்கப் டிரக் எனப்படும் சிறு சரக்கு வண்டியின் திறந்த பின்பெட்டிக்குள், உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளுமாறு போடப்படும் தடித்த, சொரசொரப்பான பூச்சே தெளிப்பு உட்பூச்சு ஆகும். பிக்கப் வண்டிகள் குடும்ப வாகனமாகவும் பயன்படும் அமெரிக்காவிலும் கனடாவிலும் இது பரவலாகக் காணப்படுகிறது. கல், விறகு, கருவிப்பெட்டி போன்றவை உராய்ந்து வண்ணப்பூச்சு கீறினால், வெளிப்படும் எஃகு துருப்பிடிக்கும். பனிக்காலத்தில் சாலைகளில் உப்பு தூவும் மாநிலங்களில் இந்தத் துரு இன்னும் வேகமாகப் பரவும்.

இதற்கு முன்பிருந்தே வழக்கில் உள்ள மாற்று, பெட்டியின் வடிவில் வார்த்த பிளாஸ்டிக் தொட்டி. அதைத் தூக்கி உள்ளே வைத்தால் போதும். ஆனால் அதற்கும் உலோகத்துக்கும் இடையே நீரும் மணலும் தங்கிவிடும். வண்டியின் அதிர்வில் அந்த மணலே வண்ணத்தைத் தேய்க்கும். உலோகத்தோடு ஒட்டிய பூச்சில் இந்த இடைவெளி இல்லை. தானே பூசுவதா, கடையில் கொடுப்பதா என்ற கேள்வி இதன் பிறகுதான் எழுகிறது.

வேதியியல்

ஐசோசயனேட்டு என்னும் சேர்மம் பாலியாலுடன் வினைபுரிந்தால் பாலியூரித்தேன் கிடைக்கும். அமீனுடன் வினைபுரிந்தால் பாலியூரியா கிடைக்கும். இரண்டாவது வினை மிக வேகமானது. சில நொடிகளிலேயே பூச்சு இறுகிவிடும். ஆகவே இரு கூறுகளையும் முன்கூட்டியே கலந்து வைக்க முடியாது.

ரைனோ லைனிங்ஸ், லைன்-எக்ஸ் போன்ற நிறுவனங்களின் பெயரில் இயங்கும் கடைகளில் இதற்கெனத் தனி இயந்திரங்கள் உள்ளன. உயரழுத்த இயந்திரத்தில் இரு கூறுகளும் தனித்தனிக் குழாய்களில் ஏறத்தாழ 60 முதல் 70 °செ வரை சூடாக்கப்பட்டு, சுமார் 2000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் துப்பாக்கியின் முனைக்கு வருகின்றன. இது கார் டயரின் காற்றழுத்தத்தைப் போல் 60 மடங்கு. அங்கேதான் அவை மோதிக் கலக்கின்றன. வீட்டிலுள்ள கம்ப்ரசரால் இதைச் செய்ய இயலாது.

வீட்டில் பூசுவதற்கான பொருள்கள் வேறு வகை. ஹெர்குலைனர் போன்றவை காற்றின் ஈரத்தை உறிஞ்சி இறுகுபவை. தூரிகையாலும் ரோலராலும் பூசலாம். பாதி பயன்படுத்திய டின்னை மூடி வைத்தாலும் சில நாளில் அது கெட்டியாகிவிடுவதற்கு இந்த ஈரமே காரணம். ராப்டர் போன்றவற்றில் 3 பங்கு பூச்சுக்கு 1 பங்கு கடினமாக்கி சேர்த்து, புட்டியைக் குலுக்கி, சாதாரணக் கம்ப்ரசரில் மாட்டிய துப்பாக்கியால் தெளிக்கலாம்.

தடிமன்: ஒரு கணக்கு

விளம்பரங்களில் இரண்டு பூச்சும் ஒரே மாதிரிக் கறுப்பாகவே தெரியும். வேறுபாட்டை அறிய எளிய கணக்கு ஒன்று போதும். பெட்டியின் தரை 2 மீ நீளம், 1.5 மீ அகலம் என்க. பரப்பு 3 ச.மீ. சுற்றுச் சுவர்களின் மொத்த நீளம் 7 மீ, உயரம் 0.5 மீ எனில் 3.5 ச.மீ. ஆக மொத்தம் 6.5 ச.மீ. வீட்டுத் தொகுப்பு ஒன்றில் பெரும்பாலும் ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர் இருக்கும். அதை இந்தப் பரப்பில் சீராகப் பரப்பினால் 0.6 மி.மீ.க்கும் சற்றுக் குறைவான ஈரப்படலமே கிடைக்கும். கரைப்பான் ஆவியான பின் இன்னும் மெலியும். கடையில் போடும் பூச்சு தரையில் சுமார் 3 மி.மீ. இருக்கும். அதே தடிமனைப் பெட்டி முழுவதும் கொண்டுவர ஏறத்தாழ 20 லிட்டர் தேவை. வீட்டுப் பூச்சின் செலவு 100 முதல் 200 டாலர், கடைப் பூச்சின் செலவு 400 முதல் 700 டாலர் என்ற அளவில் அமைவதைப் பார்க்கும்போது, தடிமனைக் கணக்கில் கொண்டால் கடைவிலை அவ்வளவு அதிகமில்லை. மளிகைப் பையும் மிதிவண்டியும் ஏற்றுபவருக்கு மெல்லிய பூச்சே போதும். கருங்கல் ஏற்றுபவருக்குப் போதாது.

தயாரிப்பு வேலை

பூச்சு உரிந்து வருவதற்குப் பெரும்பாலும் பூச்சுப்பொருள் காரணமல்ல. எண்ணெயும் மெழுகும் போகக் கழுவுதல், பளபளப்பு முழுவதும் மங்கும்வரை உப்புத்தாள் தேய்த்தல், துருவைச் சுரண்டி பிரைமர் அடித்தல், போல்ட்டுகளைக் கழற்றுதல், ஓரங்களில் டேப் ஒட்டுதல் ஆகியவற்றுக்குத்தான் ஒரு நாளில் பெரும்பகுதி போகும். தெளிப்பது ஒரு மணி நேர வேலை. பொறுமையுள்ள ஒருவர் வீட்டில் செய்யும் தயாரிப்பு, அவசரக் கடையின் தயாரிப்பைவிடச் சிறப்பாக அமையலாம். கடையில் கொடுப்பவரும் போல்ட்டுகளைக் கழற்றுவார்களா, அவற்றின் மேலேயே அடித்துவிடுவார்களா என்று கேட்பது நல்லது. துருவின்மேல் போட்ட பூச்சு துருவை நிறுத்தாது. கண்ணுக்குத் தெரியாமல் மறைக்க மட்டுமே செய்யும்.

மூச்சுக்கு ஆபத்து

இந்தப் பகுதியை வாங்குவோர் பலர் படிப்பதில்லை. கடைகளில் பயன்படும் எம்.டி.ஐ. என்னும் ஐசோசயனேட்டைத் துளிகளாகவும் ஆவியாகவும் சுவாசித்தால் ஆசுத்துமா உண்டாகலாம். அமெரிக்க அரசின் தொழிலிட நலவாழ்வு ஆய்வு நிறுவனமான நியோஷ், டிரக் உட்பூச்சு தெளிப்போருக்கென்றே 2006-இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஆசுத்துமா மட்டுமன்றி மரணமும் நேரலாம் என்பதை அதன் தலைப்பே சொல்கிறது. ஒருமுறை உடல் ஒவ்வாமை நிலையை அடைந்துவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவுகூட மூச்சுத்திணறலைத் தூண்டலாம். மணத்தை வைத்து ஆபத்தை உணரவும் முடியாது. மூக்குக்குத் தெரியும் முன்பே அளவு எல்லையை மீறியிருக்கும். அதனால்தான் கடைகளில் தெளிப்பவருக்கு வெளியிலிருந்து குழாய் வழியே தூய காற்று தரப்பட வேண்டும்.

வீட்டுப் பொருள்களிலும் பலவற்றில் ஐசோசயனேட்டு உண்டு. கதவை மூடிய வண்டிக்கூடத்தில், துணி முகக்கவசம் கட்டிக்கொண்டு தெளிப்பது பெரும் தவறு. தூசி தடுக்கும் கவசம் ஆவியைத் தடுக்காது. ரோலரால் பூசினால் காற்றில் பரவும் துளிகள் வெகுவாகக் குறையும் என்பதால், உரிய சுவாசக் கருவி இல்லாதவர்கள் தெளிப்பு வகையைத் தவிர்ப்பதே அறிவுடைமை. வாங்கும் முன் பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாளைப் படிக்க வேண்டும்.

பூசிய பின்

மலிவான பூச்சுகள் வெயிலில் வெளுத்துச் சாம்பல் நிறமாகும். இது பெரும்பாலும் அழகுக் குறைதான், வலிமைக் குறை அல்ல. வீட்டுப் பூச்சில் பழுதான இடத்தை மட்டும் தேய்த்து மீண்டும் பூசலாம். ஆனால் எந்தப் பூச்சையும் முழுவதுமாக அகற்றுவது மிகக் கடினம். பிற்காலத்தில் பெட்டியில் வெல்டிங் செய்ய நேர்ந்தால், அந்த இடத்துப் பூச்சை முதலில் சுரண்டி எடுத்துவிட வேண்டும். சூடேறிச் சிதையும் பாலியூரித்தேனிலிருந்து ஐசோசயனேட்டு மறுபடியும் வெளிவரும். பெட்ரோல் டப்பாவைப் பெட்டியில் வைத்தபடியே நிரப்பவும் கூடாது. பிளாஸ்டிக் உட்பெட்டி மின்னூட்டம் தரைக்கு இறங்காமல் தடுப்பதால் தீப்பொறி எழக்கூடும் என நியோஷ் 1998-இலேயே எச்சரித்துள்ளது. தெளிப்புப் பூச்சும் மின்கடத்தாப் பொருளே என்பதால், டப்பாவைத் தரையில் இறக்கி வைத்தே நிரப்ப வேண்டும்.