பழைய சோற்றில் எரியும் அடுப்பு

மொட்டை மாடியில் தண்ணீருக்கு வைப்போமே, அதே பிளாஸ்டிக் தொட்டிதான். மேல்பகுதியை அறுத்தெடுத்த பெரிய தொட்டிக்குள் சற்றே சிறிய இன்னொன்றைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். பழைய சோற்றையும் அழுகிய பழத்தையும் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே ஊற்றினால், வாயு சேரச் சேர உள்தொட்டி மெல்ல மேலே எழும்பும். எழும்பிய உயரத்தைப் பார்த்தே இன்று அடுப்பு எவ்வளவு நேரம் எரியும் என்று சொல்லிவிடலாம். பற்றவைத்தால் நீலச் சுடர். பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்காது.

இந்த எரிவாயுக் கலனை 2003-இல் உருவாக்கியது புனேயில் உள்ள ஆர்ட்டி நிறுவனம். தாவரவியலாளர் ஆனந்த் கர்வே 1996-இல் தொடங்கியது அது.

சாண எரிவாயு நமக்குப் புதிதல்ல. ஆனால் மாடு தின்ற தீவனத்தின் சத்தில் பெரும்பங்கை மாட்டின் வயிறே எடுத்துக்கொள்கிறது. சாணத்தில் மிஞ்சுவது சொற்பம். அப்படியானால் தீவனத்தையே வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிருக்குக் கொடுத்தால் என்ன? கர்வேயின் யோசனை இதுதான். மாவுச்சத்தும் சர்க்கரையும் உள்ள 2 கிலோ கழிவு ஒரே நாளில் தரும் மீத்தேனைப் பெற, 40 கிலோ சாணமும் 40 நாளும் வேண்டும் என்பது ஆர்ட்டியின் கணக்கு. மாடு இல்லாத வீட்டுக்கும் எரிவாயு என்ற வழி இதனால் திறந்தது. 2006-இல் இந்தக் கலனுக்கு பிரிட்டனின் ஆஷ்டன் விருது கிடைத்தது.

அதே விருதை 2002-இல் ஆர்ட்டி பெற்றது கரும்புச் சோகைக்காக. மகாராஷ்டிரத்தில் கரும்பு வெட்டியதும் சோகையை வயலிலேயே கொளுத்திவிடுவார்கள். அதை மூடிய உலையில் கரியாக்கி, வில்லைகளாக அழுத்தினார்கள். சராய் என்ற ஆவிக் குக்கரில் சுமார் 100 கிராம் வில்லையில் ஒரு குடும்பத்துக்குச் சோறு, பருப்பு, காய் எல்லாம் வெந்துவிடும்.

சிலிண்டர்தான் வந்துவிட்டதே என்று கேட்கலாம். 2016 மே 1-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் 10 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சமையல் எரிவாயு இணைப்பு கிடைத்திருக்கிறது. பெரிய சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வீடுகள் 2019-20-இல் சராசரியாக வாங்கிய சிலிண்டர் 3. 2023-24-இல் ஏறக்குறைய 4. நாலு பேர் உள்ள வீட்டில் 4 சிலிண்டர் வருடம் முழுக்க வருமா? கையில் காசு தீர்ந்ததும் விறகடுப்புக்குத் திரும்புகிறார்கள். வீட்டுப் புகையால் 2020-இல் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தப் புகையை மிக அருகில் சுவாசிப்பவர்கள் பெண்களும் அவர்கள் இடுப்பிலிருக்கும் குழந்தைகளும்தான்.

கழிவுக் கலனுக்கும் தொல்லைகள் உண்டு. தொடக்கத்தில் சாணக் கரைசலை ஊற்றி நுண்ணுயிரைப் பெருக்க வேண்டும். ஆசைப்பட்டு அதிகம் கொட்டினால் உள்ளே புளித்து, வாயு நின்றுபோகும். குளிரில் மந்தமாகும். குழந்தைக்கு ஊட்டுவதுபோல் தினமும் அளவாக ஊட்ட வேண்டும். கலனைப் பொருத்திவிட்டுப் போனால் போதாது. பழுது பார்க்க அந்த ஊரிலேயே ஒருவர் வேண்டும். பல திட்டங்கள் தோற்பது இங்கேதான்.

இணைப்புகளின் எண்ணிக்கையோடு அரசு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஒரு வீட்டில் வருடத்துக்கு எத்தனை நாள் புகையில்லாமல் உலை கொதித்தது என்பதையும் கணக்கெடுக்க வேண்டும்.